அப்பல்லோ மண்டபம்: பீட்டர்லீ நகரின் கான்கிரீட் ஓவியம்

அப்பல்லோ மண்டபம் இங்கிலாந்தின் வடகிழக்கில், டர்ஹாம் கவுண்டியைச் சேர்ந்த பீட்டர்லீ நகரத்தில் உள்ள ஒரு கான்கிரீட் கட்டுமானம். அரூப ஓவியரான விக்டர் பாஸ்மோர் (1908–1998) இதை வடிவமைத்தார். 1969ஆம் ஆண்டையொட்டி இது கட்டி முடிக்கப்பட்டது. அந்த ஆண்டில்தான் மனிதன் நிலவில் இறங்கினான். அவனை அங்கே கொண்டுபோன அப்பல்லோ திட்டத்தின் பெயரையே மண்டபத்துக்கும் வைத்தார்கள்.

மண்டபம் என்றதும் நமக்குத் திருவிழா, திருமணம், வழிப்போக்கர் தங்கும் இடம் என ஏதாவது ஒரு பயன் நினைவுக்கு வரும். இந்த மண்டபத்துக்கு அப்படி எந்தப் பயனும் கிடையாது. இதில் யாரும் குடியிருக்கவில்லை, எதுவும் விற்கப்படவில்லை, யாரும் வேலை பார்க்கவில்லை. ஒரு சிறிய செயற்கைக் குளத்தின் மேல், குடியிருப்பு வீடுகளுக்கு நடுவே, பெரிய கான்கிரீட் பலகங்கள் ஒன்றையொன்று தாங்கியும் தாண்டியும் நிற்கின்றன. அவற்றினூடே நடக்கலாம், நிற்கலாம், வேடிக்கை பார்க்கலாம். அவ்வளவுதான்.

ஜியோமிதி வடிவங்களால் ஆன ஓர் அரூப ஓவியத்தைக் கட்டடமாக்கி ஊர் நடுவே வைத்தால் என்ன நடக்கும் என்ற கேள்விக்கு இருபதாம் நூற்றாண்டு தந்த மிக நேரடியான விடைகளில் இது ஒன்று. கலை விமர்சகர்கள் இதைப் பாராட்டினார்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள் பலர் இடித்துத் தள்ளச் சொன்னார்கள். பின்னர் அரசு இதைப் பாதுகாக்கப்பட்ட கட்டடமாக அறிவித்தது. இந்த வழக்கில் ஒரு தரப்பை அறியாமை என்றும் மறுதரப்பை ஆணவம் என்றும் முத்திரை குத்திவிட்டுப் போவது எளிது. பீட்டர்லீயின் வரலாற்றைப் பார்த்தால் அப்படிச் சொல்ல முடியவில்லை.

சுரங்கத் தொழிலாளர் கேட்ட நகரம்

டர்ஹாம் கவுண்டியின் கிழக்குக் கடற்கரை நிலக்கரிப் பூமி. ஈசிங்டன், ஹார்டன், பிளாக்ஹால் ஆகிய ஊர்கள் சுரங்கங்களைச் சுற்றி முளைத்தவை. சுரங்க நிறுவனங்கள் வரிசை வரிசையாகக் கட்டிக்கொடுத்த நெருக்கமான வீடுகளில் தொழிலாளர்கள் வாழ்ந்தார்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு, ஈசிங்டன் ஊரக மாவட்ட மன்றத்தின் பொறியாளராக இருந்த சி. டபிள்யூ. கிளார்க் ஓர் அறிக்கை எழுதினார். சிதறிக் கிடக்கும் சுரங்கக் குக்கிராமங்களில் அங்கொன்றும் இங்கொன்றுமாக வீடு கட்டுவதை விட்டுவிட்டு, எல்லோருக்கும் பொதுவாக ஒரு நல்ல நகரம் வேண்டும் என்பது அதன் வாதம். அறிக்கையின் பெயரே அழுக்குக் குடியிருப்புகளுக்கு விடைகொடுப்பதாக இருந்தது.

நகரத்துக்கான பெயரையும் கிளார்க்கே முன்மொழிந்தார். பீட்டர் லீ (1864–1935) பத்து வயதில் சுரங்கத்துக்குள் இறங்கியவர். பிறகு சுரங்கத் தொழிற்சங்கத் தலைவரானார். 1919இல் தொழிற்கட்சி டர்ஹாம் கவுண்டி மன்றத்தைக் கைப்பற்றியபோது அதன் தலைவராகவும் ஆனார். போருக்குப் பின் பிரிட்டனில் எழுந்த புதுநகரங்கள் பலவும் மேலிருந்து திணிக்கப்பட்டவை. சில இடங்களில் ஊர்மக்கள் எதிர்த்துப் போராடவும் செய்தார்கள். பீட்டர்லீ தொழிலாளர்களே அமைச்சரிடம் போய்க் கேட்டு வாங்கிய நகரம். பின்னால் நடந்ததைப் புரிந்துகொள்ள இந்தச் செய்தி முக்கியமானது.

1948இல் நகரம் முறைப்படி அறிவிக்கப்பட்டது. சுமார் 30,000 பேர் வாழ வேண்டும் என்பது திட்டம். அதை வடிவமைக்க முதலில் அழைக்கப்பட்டவர் பெர்தோல்ட் லுபெட்கின். ஜார்ஜியாவில் பிறந்து லண்டனில் குடியேறிய இவர் அன்று பிரிட்டனின் முன்னணி நவீனக் கட்டடக் கலைஞர். லண்டன் விலங்குக் காட்சிச்சாலையில் பென்குயின்களுக்காக இவர் கட்டிய குளத்தில் இரண்டு கான்கிரீட் சரிவுகள் ஒன்றையொன்று சுற்றி இறங்கும். அதைக் கண்ட எவருக்கும் கான்கிரீட் இவ்வளவு மெல்லியதாக வளையுமா என்ற வியப்பு வரும். சுரங்கத் தொழிலாளர்களுக்காக, உயர்ந்த கட்டடங்கள் கொண்ட நெருக்கமான நகர மையம் ஒன்றை லுபெட்கின் கற்பனை செய்தார்.

அதைக் கெடுத்தது காலுக்கு அடியில் கிடந்த நிலக்கரி. நகரத்துக்கென ஒதுக்கிய நிலத்தின் கீழே வெட்டியெடுக்க வேண்டிய கரி ஏராளமாக இருந்தது. அதை எடுக்க எடுக்க மேலே மண் உள்வாங்கும். உயரமான, கனமான கட்டடங்களை அங்கே கட்ட தேசிய நிலக்கரி வாரியம் சம்மதிக்கவில்லை. வெவ்வேறு அரசுத் துறைகளுக்கு இடையே ஓயாது இழுபறி நடந்தது. அலுத்துப்போன லுபெட்கின் 1950இல் விலகினார். தொழிலாளிகளுக்குச் சோறு போட்ட கரியே அவர்களுடைய நகரத்தின் உயரத்தையும் குறைத்தது. அதன்பின் எழுந்தவை தாழ்வான, பரவலான, எந்தச் சிறப்பும் இல்லாத வீடுகள்.

பாஸ்மோர்

1955இல் பீட்டர்லீ வளர்ச்சிக் கழகத்தின் பொது மேலாளர் ஏ. வி. வில்லியம்ஸ் விசித்திரமான ஒரு முடிவை எடுத்தார். நகரத்தின் தென்மேற்குப் பகுதியை வடிவமைக்கக் கட்டடக் கலைஞர்களோடு ஓர் ஓவியரையும் ஆலோசகராக நியமித்தார். அவர் விக்டர் பாஸ்மோர். அப்போது அவர் நியூகாசில் நகரில், டர்ஹாம் பல்கலைக்கழகத்தின் கிங்ஸ் கல்லூரியில் ஓவியம் கற்பித்துக்கொண்டிருந்தார்.

பாஸ்மோர் மருத்துவர் ஒருவரின் மகன். தந்தை இறந்ததால் முழுநேரக் கலைப் படிப்புக்கு வழியில்லாமல் லண்டன் கவுண்டி மன்றத்தில் பத்தாண்டுகளுக்கு மேல் எழுத்தராக வேலை பார்த்தார். மாலை வகுப்பில் ஓவியம் கற்றார். போர்க்காலத்தில் மனச்சான்றின் பேரில் படையில் பணியாற்ற மறுத்துச் சிறைக்கும் போனார். அவர் அப்போது வரைந்தவை மென்மையான இயற்கைக் காட்சிகள். தேம்ஸ் ஆற்றங்கரையின் பனிமூட்டத்தைக் காட்டும் அவரது ஓவியங்களைப் பலரும் விரும்பினர்.

1948ஐ ஒட்டி இந்த மனிதர் திடீரென்று ஆறு, மரம், பனி எல்லாவற்றையும் விட்டுவிட்டு வட்டம், சதுரம், சுருள், கோடு என்று மாறினார். பிரிட்டிஷ் கலை உலகமே இதைப் பேசியது. சில ஆண்டுகளில் தூரிகையையும் பெருமளவு கீழே வைத்துவிட்டார். அமெரிக்கரான சார்லஸ் பீடர்மேன் எழுதிய நூல் ஒன்று அவரைப் பாதித்தது. தட்டையான பரப்பில் ஆழம் இருப்பதுபோலக் காட்டுவது ஏமாற்று வேலை. கலைஞன் உண்மையான இடவெளியிலேயே வேலை செய்யலாமே என்பது அந்த நூலின் போக்கு. பாஸ்மோர் மரத்துண்டுகளையும் அக்ரிலிக் தகடுகளையும் பலகையில் பதித்துப் புடைப்பு வடிவங்களைச் செய்தார். கென்னத் மார்ட்டின், மேரி மார்ட்டின், ஆந்தனி ஹில் முதலியோரும் இதே வழியில் நடந்தார்கள். ஓவியம் சுவரிலிருந்து மெல்ல முன்னே வரத் தொடங்கியது.

அடுத்த படிகளும் அதே திசையில்தான். 1956இல் லண்டன் வைட்சேப்பல் காட்சிக்கூடத்தில் ஒரு புகழ்பெற்ற கண்காட்சி நடந்தது. ஓவியர், சிற்பி, கட்டடக் கலைஞர் ஆகியோர் சேர்ந்த 12 குழுக்கள், நாளைய உலகம் எப்படி இருக்கும் என்று ஆளுக்கொரு பகுதியை அமைத்தன. பாஸ்மோருடன் ஒரே குழுவில் இருந்தவர் கட்டடக் கலைஞர் ஏர்னோ கோல்ட்ஃபிங்கர். லண்டனின் பால்ஃப்ரன் கோபுரம், டிரெலிக் கோபுரம் என்ற இரு பெரும் கான்கிரீட் அடுக்குமாடிகளைப் பின்னாளில் கட்டியவர் அவர். புரூட்டலிசம் என்ற பெயரோடு அதிகம் தொடர்புபடுத்தப்படும் ஆலிசன் சிமித்சன், பீட்டர் சிமித்சன் தம்பதியும் அதே கண்காட்சியில் வேறொரு குழுவில் இருந்தார்கள். ஜியோமிதி அரூபமும் முரட்டுக் கான்கிரீட்டும் ஒரே கூரையின் கீழ் சந்தித்த தருணம் என்று அந்தக் கண்காட்சியைச் சொல்லலாம்.

மறு ஆண்டு பாஸ்மோர், ரிச்சர்டு ஹாமில்டன், லாரன்ஸ் அலோவே மூவரும் நியூகாசில் ஹாட்டன் காட்சிக்கூடத்தில் ஒரு பரிசோதனை செய்தார்கள். பல அளவு ஒளிபுகுமையும் நிறமும் கொண்ட அக்ரிலிக் தகடுகளை மேலிருந்து தொங்கவிட்டார்கள். பொருளும் கதையும் எதுவுமில்லை. பார்வையாளர் தகடுகளுக்கு இடையே நடக்க நடக்க, அவர் கண்ணுக்குள் ஓவியம் மாறிக்கொண்டே இருக்கும். நடப்பவர் இல்லையென்றால் படைப்பும் இல்லை. அப்பல்லோ மண்டபத்துக்கு விதை எங்கே விழுந்தது என்று கேட்டால், என் கணிப்பில், இங்கேதான். அக்ரிலிக் தகடுகளின் இடத்தில் டன் கணக்கான கான்கிரீட்டை வைத்துப் பாருங்கள்.

ஓவியர் போட்ட தெருக்கள்

பீட்டர்லீயில் பாஸ்மோரின் வேலை சுவருக்குச் சாயம் தேர்ந்தெடுப்பது அல்ல. பீட்டர் டேனியல், ஃபிராங்க் டிக்சன் என்ற இரு வடிவமைப்பாளர்களுடன் சேர்ந்து, சாலை எப்படி வளைய வேண்டும், வீடுகள் எந்த வரிசையில் நிற்க வேண்டும், எங்கே வெற்றிடம் விட வேண்டும் என்பதையெல்லாம் அவர் தீர்மானித்தார். வரைபடத்தில் வீட்டு மனைகளை அரூபப் புடைப்பின் துண்டுகளைப் போல அடுக்கினார். கனசதுர வீடுகள், தட்டையான கூரை, கறுப்பும் வெள்ளையும். ஒரு மனிதர் தெருவில் நடக்கும்போது சுவர்கள் எப்படி விலகி எப்படிச் சேர்கின்றன என்பதுதான் அவரது கவலை.

பத்திரிகைகளும் கட்டடக் கலைஞர்களும் இதை ஆர்வத்துடன் கவனித்தார்கள். ஆனால் வடகடலை ஒட்டிய ஈரமும் மழையும் உள்ள ஊரில் தட்டைக் கூரை என்றால் கட்டுமானம் மிகத் தரமாக இருக்க வேண்டும். அரசுச் செலவில் சிக்கனமாகக் கட்டிய வீடுகளில் அது அமையவில்லை. கூரைகள் ஒழுகின. சுவர்களில் ஈரம் ஏறியது. சுரங்கத் தெருவின் நெருக்கத்திலிருந்து நல்ல வீட்டுக்கு வந்தோம் என்று நம்பிய குடும்பங்களுக்கு இது சின்ன விஷயம் அல்ல. பிற்காலத்தில் பல வீடுகளுக்கு வழக்கமான சரிவுக் கூரை போடப்பட்டது.

மண்டபத்தைப் பற்றிய கோபத்தில் இந்த ஒழுகலுக்கும் பங்கு உண்டு. கூரை ஒழுகும் வீட்டிலிருந்து சன்னல் வழியே பார்க்கிறவருக்கு எதிரே, எந்தப் பயனுமில்லாத ஒரு கான்கிரீட் மண்டபம் அரசுப் பணத்தில் எழுந்து நின்றால் என்ன தோன்றும்?

மண்டபம்

1960களின் இறுதியில் சன்னி பிளன்ட்ஸ் என்ற குடியிருப்புப் பகுதியில் ஒரு செயற்கைக் குளம் வெட்டப்பட்டது. அதன் குறுக்கே, குடியிருப்பின் இரு பகுதிகளையும் இணைக்கும் நடைபாலம் போல மண்டபம் எழுந்தது. பாஸ்மோரின் நோக்கம் அவர் விட்டுச்சென்ற விளக்கங்களில் தெளிவாக இருக்கிறது. இது கட்டடமும் சிற்பமும் கலந்த தூய அரூப வடிவம். மக்கள் இதன் வழியே நடக்கலாம், உள்ளே சற்றுத் தங்கலாம், குழந்தைகள் இதன்மேல் விளையாடலாம். எந்த மன்னனையும் வீரனையும் கடவுளையும் நினைவுகூராத நினைவுச்சின்னம் இது. எந்த வேலைக்கும் கட்டுப்படாமல் இருப்பதாலேயே, தினசரிக் குடியிருப்பு வாழ்க்கையை இது வேறொரு தளத்துக்கு உயர்த்தும் என்று அவர் நம்பினார்.

சென்ட்ரிங் பலகை அடித்து, கம்பி கட்டி, அந்த இடத்திலேயே கான்கிரீட் ஊற்றிக் கட்டப்பட்ட அமைப்பு இது. முன்கூட்டியே வார்த்துக் கொண்டுவந்து பொருத்தியது அல்ல. பெரிய கிடைமட்டப் பலகங்கள் தண்ணீருக்கு மேலே நீள்கின்றன. செங்குத்துப் பலகங்கள் சில தரையில் ஊன்றியிருக்கின்றன, சில மேலிருந்து தொங்குவதுபோலத் தோன்றுகின்றன. ஓரிடத்தில் சுவர் நெருங்கி இருட்டாகிறது; இரண்டடி நகர்ந்தால் வானம் திறக்கிறது. கீழே குளத்தில் இவை எல்லாம் தலைகீழாகத் தெரியும். சுவர்களில் இரண்டு நீள்வட்டச் சுவரோவியங்களைப் பாஸ்மோர் வரைந்தார். நேர்க்கோடுகளும் செங்கோணங்களுமாக இருக்கும் கட்டுமானத்தில் அந்த மெதுவான வளைவுகள் கண்ணுக்கு ஓய்விடம்.

இதன் முன்னோர்கள் கட்டட வரலாற்றில் இருப்பதைவிட ஓவிய வரலாற்றில்தான் அதிகம் இருக்கிறார்கள். ரஷ்யரான எல் லிசிட்ஸ்கி 1923இல் பெர்லினில் ஓர் அறை முழுவதையும் ஜியோமிதி வடிவங்களால் நிரப்பி, பார்வையாளர் நடந்து பார்க்கும்படி அமைத்தார். ஓவியத்திலிருந்து கட்டடத்துக்கு மாறிச் செல்லும் நிலையம் என்றே தம் படைப்புகளை அவர் கருதினார். நெதர்லாந்தின் டி ஸ்டைல் இயக்கத்தினர் சுவரையும் கூரையையும் வீட்டின் உறுப்புகளாகப் பார்க்காமல், வெளியில் மிதக்கும் தனித்தனித் தகடுகளாகப் பார்த்தார்கள். மீஸ் வான் டெர் ரோ 1929இல் பார்சிலோனா கண்காட்சிக்காகக் கட்டிய ஜெர்மன் மண்டபமும் இதே குடும்பம்தான். பாஸ்மோர் செய்த புதுமை, அருங்காட்சியகத்திலும் பன்னாட்டுக் கண்காட்சியிலும் இருந்த இந்த மொழியைச் சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பின் கொல்லைப்புறத்துக்குக் கொண்டுவந்ததே.

இது புரூட்டலிசமா?

இன்று பலரும் அப்பல்லோ மண்டபத்தைப் புரூட்டலிசக் கட்டடம் என்றே வகைப்படுத்துகிறார்கள். ஓரளவு சரி. ஆனால் இதில் ஒரு சிக்கல் உண்டு. மாணவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

பூச்சு இல்லாத கச்சாக் கான்கிரீட்டைப் பிரெஞ்சு மொழியில் பெத்தோன் புரூட் என்பார்கள். லெ கொர்பூசியே மார்சேய் நகரில் 1952இல் முடித்த அடுக்குமாடிக் குடியிருப்பில் சென்ட்ரிங் பலகையின் மரக்கோடுகளைக்கூட மறைக்காமல் கான்கிரீட்டில் அப்படியே விட்டார். பிரிட்டனில் சிமித்சன் தம்பதி புதிய புரூட்டலிசம் என்ற சொல்லைப் பரப்பினார்கள். 1955இல் விமர்சகர் ரேனர் பான்ஹம் அதற்கு இலக்கணம் எழுதினார். கட்டடத்தின் உருவம் மனதில் பதிய வேண்டும். அது எப்படித் தாங்கி நிற்கிறது என்பது வெளிப்படையாகத் தெரிய வேண்டும். பொருட்கள் உள்ளபடியே மதிக்கப்பட வேண்டும். சுருங்கச் சொன்னால் கட்டடம் பொய் சொல்லக் கூடாது.

அப்பல்லோ மண்டபத்தில் முதலாவது உண்டு, மூன்றாவதும் உண்டு. இரண்டாவதில்தான் முரண். பாஸ்மோரின் பலகங்கள் எடையே இல்லாதவைபோல நடிக்கின்றன. எது எதைத் தாங்குகிறது என்று பார்ப்பவர் குழம்ப வேண்டும் என்பதே இதன் இன்பம். புரூட்டலிசத்தின் உடலும் ஜியோமிதி அரூபத்தின் மனமும் இதில் சேர்ந்திருக்கின்றன. புரூட்டலிசக் கட்டடக் கலைஞர்கள் பள்ளி, நூலகம், குடியிருப்பு, கார் நிறுத்தகம் என்று ஏதாவது ஒரு தேவையிலிருந்து தொடங்கினார்கள். பாஸ்மோருக்குத் தொடக்கம் வடிவம். வகைப்படுத்தும் அவசரத்தில் இந்த வேறுபாட்டை மறந்துவிட்டால், மண்டபத்தை மற்ற கான்கிரீட் கட்டடங்களோடு சேர்த்தே திட்டவும் சேர்த்தே புகழவும் வேண்டியதாகிறது.

வசவும் கிறுக்கலும்

முதலில் குழந்தைகள் பாஸ்மோர் எதிர்பார்த்தபடியே விளையாடினார்கள். 1970களின் பிற்பகுதியில் நிலைமை மாறியது. இரவில் இளைஞர்கள் கூடினார்கள். குடி, கூச்சல், சிறுநீர் நாற்றம், சுவரெங்கும் கிறுக்கல். நீள்வட்ட ஓவியங்கள் மங்கி மறைந்தன. குளத்தில் குப்பை சேர்ந்தது. பக்கத்து வீடுகளில் வாழ்ந்தவர்களுக்குத் தூக்கம் போயிற்று. அவர்கள் நகர நிர்வாகத்திடம் திரும்பத் திரும்ப முறையிட்டார்கள். மேலே ஏறுவதைத் தடுக்கப் படிக்கட்டுகள் அகற்றப்பட்டன. நடந்து பார்ப்பதற்காகவே செய்த ஒரு படைப்பில் படிக்கட்டை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன? ஓவியத்தைச் சட்டத்தோடு சுவர்ப்பக்கம் திருப்பி மாட்டியதற்கு ஒப்பானது அது. ஆனால் தூக்கம் இழந்தவரிடம் போய் இதைச் சொல்ல முடியாது.

ஊரின் நிலையும் சேர்ந்தே சரிந்துகொண்டிருந்தது. பிளாக்ஹால் சுரங்கம் 1981இல் மூடப்பட்டது. 1984–85இல் நாடு தழுவிய சுரங்க வேலைநிறுத்தம் தோற்றது. ஹார்டன் 1987இல் மூடப்பட்டது. ஈசிங்டன் 1993இல். எந்தத் தொழிலுக்காக நகரம் உருவானதோ அது போய்விட்டது. வேலையில்லாத இளைஞர்களுக்கு ஒதுங்க ஓர் இடம் தேவைப்பட்டது. மண்டபம் அவர்களைத் தடுக்கவில்லை. யாரையும் தடுக்காத கட்டடமாகத்தானே அது வரையப்பட்டது.

பாஸ்மோர் 1966இலேயே மால்டா தீவில் குடியேறிவிட்டார். 1980களின் தொடக்கத்தில் பீட்டர்லீக்கு வந்து கொதித்துப்போயிருந்த குடியிருப்பாளர்களைச் சந்தித்தார். கிறுக்கல்களைப் பார்த்து அவர் வருந்தவில்லை. குழந்தைகள் தம்மைவிட நன்றாகவே மண்டபத்தை மனிதத்தன்மை உடையதாக்கியிருக்கிறார்கள் என்ற பொருளில் பேசினார். கலைஞரின் பெருந்தன்மை என்று இதைப் படிக்கலாம். மத்தியதரைக்கடல் வெயிலில் வாழும் ஒருவர், மழையில் நனைந்த குடியிருப்பில் வாழ்பவர்களிடம் பேசிய பேச்சு என்றும் படிக்கலாம். எனக்கு இரண்டும் உண்மையாகவே படுகிறது.

குறையை முழுவதும் வடிவத்தின் மேல் ஏற்றுவதும் நியாயமில்லை. பள்ளிக்கூடம் பழுதானால் கல்வித்துறை பார்க்கும். சாலை பழுதானால் சாலைத்துறை பார்க்கும். பயன் எதுவுமில்லாத ஒன்று பழுதானால் அதைப் பார்க்க எந்தத் துறையும் இல்லை. விளக்குப் போட, குளத்தைச் சுத்தம் செய்ய, சுவருக்கு மறுபடி வண்ணம் அடிக்க ஆண்டுதோறும் யார் பணம் ஒதுக்குவது என்ற கேள்விக்கு வலுவான பதில் ஏற்பாடாகவில்லை. கட்டுவதற்குக் காட்டிய துணிச்சல் பராமரிப்பில் காணாமல் போனது.

இடிக்க வேண்டும் என்ற கோரிக்கை பல ஆண்டுகள் நீடித்தது. 1990களில் இதைப் பாதுகாக்கப்பட்ட கட்டடமாக்க எடுத்த முயற்சி வெற்றி பெறவில்லை. 1998 சனவரியில் பாஸ்மோர் மால்டாவில் காலமானபோது மண்டபம் படிக்கட்டு இல்லாமல், சிதைந்த நிலையில் நின்றது.

மீண்டும் கலைக்குள்

இந்தக் கட்டத்தில்தான் ஒரு திருப்பம். ஓவியத்திலிருந்து கட்டடமான இந்த வடிவம் மறுபடியும் கலைக்குள் திரும்பியது.

நியூகாசிலில் 1967இல் பிறந்த இரட்டைச் சகோதரிகளான ஜேன் வில்சன், லூயிஸ் வில்சன் இருவரும் 2003இல் கேட்ஸ்ஹெட் நகரின் பால்டிக் கலை மையத்தில் ஒரு பெரிய காணொளிப் படைப்பை வைத்தார்கள். அதன் தலைப்பு, கட்டற்ற பெயரற்ற நினைவுச்சின்னம். மண்டபத்தைப் பற்றிய பாஸ்மோரின் சொற்களிலிருந்தே அதை எடுத்திருந்தார்கள். 13 திரைகள் பல உயரங்களில், பல கோணங்களில் அமைந்திருந்தன. திரைகளின் அமைப்பே மண்டபத்தின் பலகங்களை நினைவூட்டியது. பார்வையாளர் அவற்றினூடே நடந்து பார்க்க வேண்டும். பாழடைந்த மண்டபத்தின்மீது சிறுவர்கள் ஏறித் தாவி விளையாடும் காட்சிகள் அதில் வருகின்றன. படிக்கட்டை எடுத்தும் ஏறுகிறவர்கள் ஏறிக்கொண்டுதான் இருந்தார்கள்! வடகிழக்கின் தொழிற்கூடங்களும் எண்ணெய்க் கிணற்று மேடையும் கேட்ஸ்ஹெட்டின் புரூட்டலிசக் கார் நிறுத்தகமும் அதில் இடம்பெற்றன. அந்தக் கார் நிறுத்தகம் 2010இல் இடிக்கப்பட்டது. இப்போது அதைத் திரையில்தான் பார்க்க முடியும்.

ஏறக்குறைய அதே காலத்தில் கிளாஸ்கோவைச் சேர்ந்த டோபி பாட்டர்சன், போருக்குப் பிந்தைய கான்கிரீட் கட்டடங்களிலிருந்து ஓவியம் செய்யத் தொடங்கினார். ஸ்கேட்போர்டு ஓட்டிப் பழகியவர் அவர். சரிவு, விளிம்பு, படி என்று ஒவ்வொன்றையும் சக்கரத்தின் வழியே அறிந்தவர். கட்டடங்களைச் சுற்றியுள்ள மரம், மனிதர், வானம் அனைத்தையும் நீக்கி, பலகங்களையும் நிழல்களையும் மட்டும் அக்ரிலிக் தகட்டில் தட்டையான நிறங்களில் அவர் தீட்டினார். 1950களில் பாஸ்மோரின் தலைமுறை அக்ரிலிக்கிலிருந்து கான்கிரீட்டுக்குப் போனது. அரை நூற்றாண்டு கழித்து ஓர் ஓவியர் கான்கிரீட்டிலிருந்து அக்ரிலிக்குக்கு வந்தார். புரூட்டலிசக் கட்டடங்களை ஜியோமிதி அரூபமாக வரையும் போக்கு இன்று சுவரொட்டிகள், அச்சுப் படங்கள் வரை பரவியிருக்கிறது. அவற்றில் பலவும் அழகானவை. கட்டடத்தின் ஈரமும் வாடகையும் குடியிருப்பவரின் பெயரும் அவற்றில் இருப்பதில்லை. வில்சன் சகோதரிகளின் படைப்பு இவற்றிலிருந்து வேறுபடுவதற்குக் காரணம் அந்தச் சிறுவர்கள்தான்.

பழுதுபார்ப்பு

புதிய நூற்றாண்டில் உள்ளூரிலும் மனநிலை மெல்ல மாறியது. இடிப்பதற்குப் பதிலாகச் சீரமைக்கலாம் என்ற குரல் வலுத்தது. பாரம்பரிய லாட்டரி நிதியம் 336,000 பவுண்டு வழங்கியது. மொத்தம் சுமார் 400,000 பவுண்டு செலவில் 2009இல் சீரமைப்புப் பணி முடிந்தது. கான்கிரீட் பழுதுபார்க்கப்பட்டது. அகற்றிய படிக்கட்டு திரும்ப வந்தது. நீள்வட்டச் சுவரோவியங்கள் மீண்டும் தீட்டப்பட்டன. 2011 திசம்பரில் இது இங்கிலாந்தின் பாதுகாக்கப்பட்ட கட்டடங்களில் இரண்டாம் தர நட்சத்திரப் பிரிவில் சேர்க்கப்பட்டது. சிறப்பு மிக்க கட்டடங்களுக்கு மட்டுமே தரப்படும், முதல் தரத்துக்கு அடுத்த நிலை அது. மண்டபத்தின் 50ஆம் ஆண்டையொட்டி 2019 நவம்பரில் அதன் பலகங்களின்மேல் ஒளிக்காட்சி ஒன்று நடத்தப்பட்டது. குளிரில் ஊர்மக்கள் கூடி நின்று பார்த்தார்கள்.

மண்டபத்தைச் சுற்றி நிற்கும் வீடுகள் இதற்குள் வெகுவாக மாறிவிட்டன. தட்டைக் கூரைகள் பலவற்றின்மேல் ஓட்டுச் சரிவுகள் ஏறின. கதவுகளும் சன்னல்களும் அவரவர் விருப்பப்படி மாற்றப்பட்டன; கறுப்பு வெள்ளை ஒழுங்கு கலைந்தது. பீட்டர்லீயில் பாஸ்மோர் ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு மேல் ஈடுபட்டிருந்தார். அத்தனை வேலையிலும் அவர் வரைந்த உருவத்துக்கு மிக நெருக்கமாக இன்று நிற்பது, யாருக்கும் பயனில்லை என்று சொல்லப்பட்ட அந்த மண்டபம்தான்.